வெள்ளியில் ஒரு முழு ஆள்

ஜூலை மாதம் பிறந்தால் நோர்வேயில் ஆட்களைக் காணமுடியாது. ஃபெல்லஸ்ஃபேரி என்பார்கள், நாடே ஒன்றாக எடுக்கும் விடுமுறை. பாண்கடை பூட்டு, தலைமயிர் வெட்டும் கடை பூட்டு, பல் வைத்தியரும் பூட்டு. மலையிலோ கடலோரத்திலோ ஆளுக்கொரு மரவீடு வைத்திருக்கிறார்கள். ஹித்த என்று பெயர். அதற்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். இந்தப் பேர்கன் நகரத்துக்கு நான் வந்து எத்தனையோ வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. ஊரில் விடுமுறை என்றால் ஆட்கள் வருவார்கள். இங்கே போய்விடுவார்கள். எனக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னதும் அப்படியொரு ஜூலையில்தான், 2006இல். அந்தச் சனியனுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

சொன்ன டொக்டர் இளம் பெண். கதிரையை என் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னார். கட்டி சின்னது, ஆரம்பத்திலேயே பிடிபட்டிருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருக்கிறதா என்று ஸ்கான் எடுத்துப் பார்த்தபிறகுதான் மிச்சம் சொல்லலாம். விடுமுறைக் காலம், கொஞ்சம் பொறுக்கவேண்டும், நாங்களே கூப்பிடுவோம். உங்களோடு வந்தவர் யாரும் வெளியே இருக்கிறாரா என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "தெ கோர் ப்ரா" என்று என் கையைத் தொட்டார். எல்லாம் நல்லபடி போகும் என்று அர்த்தம். இங்கே பஸ் பிந்தினாலும் அதைத்தான் சொல்வார்கள், பால் ஊற்றுப்பட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

எங்கள் ஊர் நெடுந்தீவில் சின்னம்மாவுக்கு இதே வருத்தம் வந்தபோது, அவவைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சித்தப்பா குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது இன்னொருவருக்குச் சொன்னார். வள்ளம் ஊர்க்கரை சேர முதலே கதை இறங்கிவிட்டது. சின்னம்மாவுக்கு மட்டும் வாயுக்கட்டி என்று சொல்லி வைத்தோம். வீடு நிறைய ஆட்கள். தோடம்பழமும் பிஸ்கட்டும் இளநீருமாகக் குவிந்தன. ஒருநாள் நான் அவவுக்குத் சீப்பால் தலை இழுத்துவிடும்போது மெல்லக் கேட்டா: "ஏனடி பிள்ளை எல்லாரும் இப்ப இவ்வளவு அன்பாக் கதைக்கினம்? எனக்குப் பயமாக் கிடக்கு."

வருத்தக்காரிக்கே வருத்தத்தைச் சொல்கிற நாடுதான் நேர்மையான நாடு என்று இங்கே வந்தபின் பலமுறை வாயடித்திருக்கிறேன். அது என் தலையில் விழுந்தபோதுதான் தெரிந்தது, தெரிந்துகொண்டு தனியே இருப்பதும் லேசான காரியமில்லை என்று. என் மனுசன் இறந்துவிட்டார். மகன் லண்டனில், ஸ்கான் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று அவனிடம் மறைத்திருந்தேன். இங்குள்ள தமிழாட்களிடம் சொல்லலாம். காலையில் சொன்னால் பின்னேரத்துக்குள் கனடாவுக்கும் போய்விடும், பாவம் என்ற சொல் அங்கிருந்து திரும்பி வரும். அதைத் தாங்க எனக்கு ஏலாது.

கடைசியில் கீழ்வீட்டு பெரித்திடம்தான் சொன்னேன். விடுமுறைக்குப் போகமுதல், தன் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுப் பூட்டின் திறப்பைத் தர வந்தவள். நல்ல மனுசி, ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்குப் புற்றுநோய், ஸ்கானுக்குக் காத்திருக்கிறேன் என்றேன். அவளுடைய கண் கலங்கிவிட்டது. உள்ளே வந்து இருப்பாள், ஒரு தேத்தண்ணி ஊற்றலாம் என்று நான் கேத்திலை அடுப்பில் வைக்கத் திரும்பினேன். "அப்படியென்றால் உனக்கு இப்போது அமைதி தேவை. நான் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று சொல்லி, திறப்பைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் எனக்குச் செய்தது பெரிய மரியாதை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேத்தில் கொதித்து ஆறும்வரை குசினியில் நின்று அழுதேன். பூச்சட்டிகளையாவது விட்டுப் போயிருக்கலாம்.

நெடுந்தீவில் என் அக்கா இருந்தாள். அவளுடைய வீட்டில் தொலைபேசி இல்லை. சந்திக் கடைக்கு எடுத்து, ஆள் அனுப்பச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப எடுக்கவேண்டும். விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அக்கா கடைக்காரரை அவருடைய கடையிலிருந்தே வெளியேற்றினாள். "அண்ணை, ஒருக்கா வெளியால நில்லுங்கோ. இது பொம்பிளையளின்ரை கதை." அந்த மாதம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த முறை எடுத்தபோது, பக்கத்துத் தீவான நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைத்துவிட்டேன் என்றாள். எங்கள் பக்கத்தில் எந்த உறுப்பில் வருத்தமோ அந்த உறுப்பை வெள்ளியில் உருவாக வாங்கிக் கோவிலில் போடுவோம். முதலில் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைப்பது, சுகம் வந்தபிறகு உருப் போடுவது. அதுதான் முறை.

"உருவும் போட்டிட்டன்" என்றாள்.

"சுகம் வந்தாப் பிறகெல்லோ அக்கா போடுறது?"

"ஓம். ஆனா இஞ்சை நிலைமை சரியில்லை. சமாதானமெல்லாம் கதையோட சரி. நேவிக்காரர் எப்ப வள்ளத்தை மறிப்பாங்களோ தெரியாது. வழி இருக்கேக்கையே போட்டிட்டன்."

"என்ன உரு?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கடையிலை கண் இருக்கு, கை இருக்கு, கால் இருக்கு. பாம்பு எவ்வளவு வேணுமெண்டாலும் கிடக்கு. அது மட்டும் இல்லை. விக்கிறது ஆம்பிளை. அவரிட்டை நான் எப்பிடி வாயைத் திறந்து கேக்கிறது? முழுப் பொம்பிளையா ஒண்டு வாங்கிப் போட்டன்."

 அந்த இடத்தோடு நிற்கிறதா, உடம்பெங்கும் போய்விட்டதா என்று டொக்டருக்கே தெரியாது. அக்கா அதற்குள் முழு உடம்புக்கும் நேர்த்தி வைத்துவிட்டாள். "முழு ஆளையும் ஏன் குடுத்தனீ? எனக்கு அங்கை மட்டுந்தான்!" என்று கத்தினேன். கத்தியது அவளிடம் இல்லை. எனக்கே அது தெரியும்.

அக்கா கோபிக்கவில்லை. "எடி, நான் உன்னைப் பாத்து எத்தினை வரியம்? உனக்கு எங்கை எங்கை நோகுதெண்டு எனக்கு என்ன தெரியும்? ஒரு இடத்தை மட்டும் சொல்லிக் குடுக்க மனம் வரேல்லை."

விடுமுறை முடிகிற நேரம் ஸ்கானுக்குக் கூப்பிட்டார்கள். கையில் ஊசி போட்டு, மருந்து எலும்பில் ஏறும்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இன்று முழுவதும் குழந்தைகளை அணைக்கவேண்டாம், கர்ப்பிணிகளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்றாள் தாதி. அணைக்க ஆள் இருந்தால் அல்லவா என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன். நான் படுத்திருந்த தட்டு என்னை மெல்ல மெஷினுக்குள் இழுத்தது.  கும்பிடக் கையை எடுக்க முடியாது, அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை மெதுமெதுவாகப் பார்த்தது அந்த மெஷின். ஒரு இடத்தையும் விடவில்லை. அக்கா கேட்டதும் இதைத்தானே என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவள்மேல் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கிடந்தபடியே நினைத்தேன்.

சில நாளில் டொக்டரே தொலைபேசியில் பேசினார். வேறெங்கும் ஒன்றும் இல்லை. சின்ன ஒப்பரேசன், பிறகு கதிர்ச் சிகிச்சை, அவ்வளவுதான். துசன் தக் என்று நான் சொன்ன நன்றி அவருக்குப் போதாமல் இருந்திருக்கும். அவர் வைத்ததும் சந்திக் கடைக்குத்தான் எடுத்தேன். மணி அடிக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன், திரும்பவும். பிறகு தமிழ் வானொலியைப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிவிட்டதாம். பாதை பூட்டு, தீவுகளுக்கு வள்ளம் இல்லை, தொலைபேசி இல்லை.

நான் தப்பிவிட்டேன் என்பது அக்காவுக்குத் தெரியாது. அக்கா தப்பியிருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. பழைய மஞ்சள் சேலை ஒன்றில் துண்டு கிழித்து, காசு தேடினேன். கைப்பையில் கிடந்தது ஒரு குரோனர், நடுவில் ஓட்டை போட்ட இந்த நாட்டு நாணயம். அதை அக்காவுக்காக முடிந்து அம்மாளின் படத்துக்கு முன்னால் வைத்தேன். என்ன உரு என்று யோசிக்கவே இல்லை. முழு ஆள் என்றேன். டொக்டர் சுகம் என்று சொன்னவள் பேர்கனில் நின்றாள். அக்கா வெள்ளியில் கொடுத்தவள் வள்ளம் ஓடாத கடலுக்கு அந்தப் பக்கம், நயினாதீவில் கிடந்தாள்.