புதன்கிழமை மூன்றரை மணி

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். அகதா டீச்சர் இதைச் சொன்னபோது அழவில்லை, குரல்கூட நடுங்கவில்லை. மளிகைச் சாமான் பட்டியலைப் படிப்பதுபோல் தேதி, மணி, நிமிடம் என்று வரிசையாகச் சொன்னார். அதுதான் கேட்டவர்களை அதிகம் பயமுறுத்தியது.

அகதாவுக்கு வயது நாற்பத்தேழு. மலேசியாவின் புலாவ் செபாங்கில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வீடு. பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ப் பியானோ சொல்லித் தருவதுதான் பதினெட்டு வருடத் தொழில். புதன்கிழமைகளில் லூபோக் சீனா. அங்கே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் உஷாராணி வீடு. அவள் மகள் பவானேஸ்வரிக்குப் பன்னிரண்டு வயது. பாடம் மூன்றரை மணிக்கு.

2023 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அகதாவின் கணவர் மரியசூசை, சட்டைப் பொத்தான் போடும்போதே சரிந்து விழுந்தார். மருத்துவமனை போவதற்குள் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அடக்கம்.

அதன்பிறகு அகதா கட்டிலை விட்டு எழவில்லை. மலாக்காவிலிருந்து வந்த அக்கா புனிதா கஞ்சி ஊட்டினால் விழுங்கினார். குளிக்க வைத்தால் குளித்தார். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கைப்பேசி அலமாரிக்குள் செத்துக் கிடந்தது. பாடம் இல்லை என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சாவுக்கே வந்திருந்தார்கள். லூபோக் சீனாவுக்கு மட்டும் செய்தி போகவில்லை.

மூன்று புதன்கிழமைகள் அப்படியே போயின.

"இப்படியே கெடந்தா நீயும் போய்ச் சேந்துருவ. ஒரு வீட்டுக்காவது போய் பாடம் எடு லா" என்றார் புனிதா. கார் கிளம்பவில்லை. பேட்டரி மாற்ற வந்த தங்கராஜு, மூடியைத் திறந்ததுமே கேட்டார்.

"மூணு வாரமா காடிய எடுக்கவே இல்லயா டீச்சர்? சுத்தமா செத்துப் போச்சு."

மே 10, புதன்கிழமை. மணி 3.27. உஷாராணி வீட்டு வாசலில் அகதா காரை நிறுத்தினார்.

உஷாராணி சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தாள்.

"வாங்க டீச்சர், பசியாறிட்டீங்களா?"

அகதா நின்ற இடத்திலேயே சொன்னார். "மன்னிச்சுக்க உஷா. மூணு வாரமா வர முடியல. சொல்லவும் இல்ல."

உஷாராணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன டீச்சர் சொல்றீங்க? போன வாரங்கூட வந்தீங்க லா."

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்று அகதாவுக்குத் தோன்றியது. விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. உள்ளே போனார்.

பவானி ஏற்கெனவே பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாட நோட்டு. ஒவ்வொரு வாரமும் என்ன சொல்லித்தந்தோம், வீட்டில் என்ன பழக வேண்டும் என்று அகதா தம் கையால் எழுதித் தரும் நோட்டு. பழக்கத்தில் கை நீண்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

ஏப்ரல் 19. ஏப்ரல் 26. மே 3.

மூன்று தேதிகள். மூன்றின் கீழும் எழுத்து. சிவப்பு மை. குறுக்கே கோடு போட்ட ஏழு. ஓரத்தில் அவசரமாகச் சுழித்த 'அ'.

அகதாவின் கையெழுத்து.

"வாசிக்கட்டா டீச்சர்?" என்றாள் பவானி.

வாசித்தாள். அவளுக்கு ஒரு குறை உண்டு. மணிக்கட்டைத் தொங்கப் போட்டுவிடுவாள். ஒரு வருடமாக அகதா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன குறை. இன்று மணிக்கட்டு நிமிர்ந்திருந்தது. விரல்கள் அழகாக வளைந்திருந்தன.

மூன்று வாரத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

பிறகு வேறொரு பாட்டு. புத்தகத்தில் இல்லாதது. இடது கை மட்டும் அதே இரண்டு கட்டைகளைத் திரும்பத் திரும்பத் தொட்டது. மெதுவாக... யாரோ மாடிப்படி இறங்கி வருவதுபோல. நடுவில் பவானி சட்டென்று நிறுத்தினாள்.

"மிச்சத்த நீங்க வாசிங்க டீச்சர்."

"எனக்கு இந்தப் பாட்டு தெரியாதேம்மா."

பவானி கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. டக்... டக்... டக்...

"அம்மா" என்றாள் பவானி. கண்ணை அகதாவிடமிருந்து எடுக்கவில்லை. "அம்மா, இங்க வாங்க."

உஷாராணி சமையலறையிலிருந்து வந்தாள்.

"இது டீச்சர் இல்லம்மா."

"ஏய், என்னடி பேச்சு இது?"

"டீச்சர்தான் போன வாரம் சொன்னாங்க. அவங்கள மாதிரியே ஒருத்தி வருவா. இந்தப் பாட்டு தெரியாதுன்னு சொல்லுவா. அவள உள்ள உக்கார வெக்காதன்னு."

உஷாராணி மகளைத் திட்ட வாயெடுத்தாள். ஆனால் திட்டவில்லை. அகதாவைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, மெதுவாக. பிறகு மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அகதா எழுந்தார். செருப்பை மாட்டினார். மணி 3.51.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புதன்கிழமையில நான் எங்கயாச்சும் போனேனாக்கா?"

"எங்க போன? கக்கூஸுக்கே நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

அன்று இரவே உஷாராணிக்குச் செய்தி அனுப்பினார். இனி வர முடியாது, வேறு டீச்சர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவள் படித்துவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் இல்லை.

ஜூன் மாதம் அகதா புலாவ் செபாங் வீட்டைப் பூட்டிவிட்டு மலாக்காவில் அக்காவோடு தங்கிக்கொண்டார். பியானோவை மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். எந்தப் பிள்ளைக்கும் பாடம் இல்லை. லூபோக் சீனா பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பயமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறார். அப்போது எதுவுமே உறைக்கவில்லையாம். மரத்துப்போன காலில் யாரோ கிள்ளியதுபோல் இருந்ததாம். கிள்ளுவது தெரிகிறது... வலிதான் இல்லை.

நவம்பர் 15. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். புதன்கிழமை.

மாலை 4.12. உஷாராணியிடமிருந்து செய்தி.

'டீச்சர், பவானி பரீட்சையில ஏ எடுத்துட்டா. ஒரு புதன்கூட விடாம வந்தீங்க. ரொம்ப நன்றி. இப்ப எடுத்த படம் அனுப்பியிருக்கேன்.'

அகதா படத்தைத் திறந்தார்.

பியானோ முன்னால் பவானி. கையில் சான்றிதழ். அவள் தோளில் கை போட்டபடி ஒரு பெண்.

அகதா.

தலை வாரி, பொட்டுக் கம்மல் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் சன்னல். சன்னலுக்கு வெளியே கார். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. அதன்மேல் முழங்கையை வைத்தபடி ஓர் ஆள்.

அகதா விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

இன்னும் பெரிதாக்கினார்.

மரியசூசை.

நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காகவோ காத்திருப்பதுபோல.

4.18. அகதா உஷாராணியை அழைத்தார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"உஷா... வெளிய காடியில யாரு?"

"டீச்சர்?" உஷாராணி சிரித்தாள். "உள்ள இருந்துகிட்டே எதுக்கு கால் பண்றீங்க?"

பிறகு அவள் சிரிப்பு நின்றது.



அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து, இன்னொரு குரல் கேட்டது.

"யாரு உஷா போன்ல?"

அகதாவின் குரல்.