சுழி பார்த்து வாங்கிய குதிரை

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு எங்கள் வீட்டில் நோயாளி அவர், களைத்துப் போனவள் நான். உப்பில்லாத சாம்பார் அவருக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி. மேலகரத்தில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. கலர் கலக்கும் மெஷின் முன்னால் அவர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். வீட்டிலும் கடையிலும் யார் எதைத் தேடினாலும் என்னைத்தான் கேட்பார்கள். சாவி எங்கே, பிரஷ் டப்பா எங்கே, மாத்திரை எங்கே. நாற்பத்தாறு வயதில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் யாரும் எதையும் கேட்காத ஒரு மணி நேரம்.

அது குதிரை மேல் கிடைக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. சாரல் சமயத்தில் வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடித்தார்கள். அவர்கள் இறங்கியதும், "மதினி, நீங்களும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்று கேலிக்கு என்னையும் ஏற்றிவிட்டார்கள். அந்த ஒரு சுற்றில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது, கீழே விழாமல் இருப்பதிலேயே என் புத்தி முழுவதும் போய்விட்டது. இறங்கும்போது தொடை நடுங்கியது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு தலையில் பாரமில்லாமல் இருந்தது.

கற்றுக்கொள்ளலாம் என்று முதலில் அந்தக் குதிரைக்காரரிடமே போனேன். கல்யாண ஊர்வலத்தில் ஆடுகிற குதிரை அவருடையது. கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அதே மூச்சில் குதிகாலால் விலாவில் குத்தவும் சொன்னார். நில் என்பதையும் போ என்பதையும் ஒன்றாகக் கேட்ட குதிரை வேறென்ன செய்யும்? நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கியது. எண்ணெய்த் தலையோடு குளிக்கப் போனவர்கள் எல்லாம் நின்று வீடியோ எடுத்தார்கள். குதிரை வைத்திருப்பவர் வேறு, கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இலத்தூரில் போலீஸ் குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தென்னந்தோப்பில் சொல்லிக்கொடுக்கிறார் என்று கடைக்கு வந்த பெயிண்டர் ஒருவர் சொன்னார். அங்கே போனேன். மனிதர் முன்கோபி. பாதிப் பாடத்தில் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம்மா, எதுக்குக் கத்துக்கிடணும்?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

"சும்மாவா? அப்பச் சரி. நாளைக்கே பறக்கணும்னு வாரவங்கள நான் சேத்துக்கிடுதது இல்ல."

கிழட்டுப் பெண் குதிரை ஒன்றை அவிழ்த்துவந்து நிறுத்தினார். செம்பழுப்பு நிறம், தொங்கிப்போன கீழுதடு. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதுவாகவே நின்றுவிடும். நேராக உட்காரும்வரை அசையாது. கால் அங்கவடி வளையத்திலிருந்து நழுவினால் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அதற்கும் அவசரமில்லை, எனக்கும் அவசரமில்லை. வாரத்தில் இரண்டு காலை அந்தத் தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தோம். "என்ன மதினி, படையெடுக்கப் போறியளா?" என்று தெருவில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்தக் குதிரையைப் பிடித்துப் போயிற்று.

ஒரு வருடம் போல ஆனபோது வாத்தியார் தன் முழங்கால் தேய்ந்துவிட்டது, குதிரைகளைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். எங்களுக்கும் இலத்தூரில் சிறு தோப்பு உண்டு, கொட்டகையும் உண்டு. கிழவியை வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்டேன். கணவர் மறுக்கவில்லை. "அண்ணன் ஒரு தடவ பாத்துரட்டும்" என்றார். அவர் அண்ணன், எனக்கு அத்தான், பட்டாளத்தில் இருந்து வந்தவர். எங்கள் குடும்பத்தில் யார் மாடு வாங்கினாலும் அத்தான் வந்து சுழி பார்த்துச் சொன்ன பிறகுதான் கயிறு கைமாறும்.

அத்தான் வந்தார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கையை நனைத்து நனைத்துக் குதிரையின் நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று தடவிக்கொண்டே போனார். ஈரத்தில் ரோமம் படிந்தால் சுழி தெளிவாகத் தெரியும். முதுகுக்கு வந்ததும் கை நின்றது. நான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுழி.

"பாடைச் சுழி" என்றார். "வீட்டுக்கு ஆகாது. தலைக்கட்ட வாங்கிரும்."

எல்லோரும் என் கணவரின் நெஞ்சைத்தான் பார்த்தோம். அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கொட்டாயில அது பன்னெண்டு வருசமா நிக்குது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒங்க வீட்டம்மா?" என்று கேட்டார் அத்தான்.

"அவ சுகர்ல போனா."

"குதிரை வந்ததுக்குப் பொறவுதான?"

எனக்கு அத்தான் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன சொல்லி வாதாடுவது? நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால் ஊர் மொத்தமும் என் பக்கம் விரலை நீட்டும். அதைவிட, இவருடைய பயம் எனக்குத் தெரியும். இரவில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனிதர்.

அத்தானுக்குப் பிடித்தது இன்னொரு குதிரை. இளவயது ஆண், வெள்ளை, சுழி சுத்தம். வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்மா, ஒனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது வேல தெரியணும்லா?" அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் சண்டை போடத் தெம்பில்லை. வெள்ளைக் குதிரை எங்கள் தோப்புக்கு வந்தது.

அதன் மேல் இருந்தபோது ஒரு நாளும் எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. ஓலை விழுந்தால் துள்ளும், பை பறந்தால் மிரளும். வீட்டில் ஒரு ஆளைக் கவனித்துவிட்டு வந்து இங்கேயும் இன்னொரு ஆளைக் கவனிக்கிற மாதிரி ஆயிற்று. ஒரு காலை, குளத்துக் கரையில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். கணவர் பின்னால் நடந்து வந்தார். தூறல் போட்டது. எதிரே வந்த ஒரு அம்மா குடையை விரித்தார். அவ்வளவுதான், குதிரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

தோளில் ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. கரையில் கிடந்தபடி பார்த்தால், அவர் ஓடி வருகிறார். டாக்டர் மாடிப்படிகூட வேகமாக ஏறக் கூடாது என்று சொன்ன மனுஷன். விழுந்து கிடந்தவளும் நான், "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று கத்தியவளும் நான்.

தென்காசியில் எலும்பு டாக்டரிடம் போய், காறை எலும்பு முறிவென்று பட்டை போட்டுக்கொண்டு வந்தேன். அத்தான் வந்து பார்த்தார். "அந்தப் பாடைச் சுழிக்காரி மேல ஒக்காந்து பழகுன தோஷம், வெள்ளக் குதிரையில வந்து தீந்துருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தள்ளிவிட்டது ஒன்று, பழி இன்னொன்றின் மேல். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இனிமேல் குதிரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

பட்டையை அவிழ்த்துச் சில வாரம் கழித்து, ஒரு காலை கணவர் ஆட்டோ பிடித்து வந்து, "ஏட்டி, கெளம்பு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. ஆட்டோ எங்கள் தோப்பு வாசலில் நின்றது. உள்ளே வெள்ளைக் குதிரை இல்லை. அது கட்டியிருந்த இடத்தில், சேணம் போட்டுக் கிழவி நின்றிருந்தாள். பக்கத்தில் வாத்தியார், போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டு.

"அதக் குடுத்துட்டு இத வாங்கிட்டேன்" என்றார் கணவர். "ஏறு."

எனக்குக் கை வலித்தது, பயமாக இருந்தது. வாத்தியார் தாங்கிப் பிடிக்க ஏறி உட்கார்ந்தேன். நான் வாகாக உட்காரும்வரை கிழவி அசையவில்லை. பாதிச் சுற்று வருவதற்குள் கணவரின் போன் அடித்தது. அத்தான். அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

கணவர் குதிரையின் அருகில் வந்து நின்றுகொண்டார். கிழவியின் முதுகில், சேணத்தின் ஓரமாக ஒரு கையை வைத்துக்கொண்டார். அன்றைக்கு அத்தானின் கை நின்ற இடம் அது.

"அண்ணே, கேளுங்க. எனக்கு நெஞ்சுவலி வந்தது இந்தக் குதிரைய நாங்க பாக்கதுக்கே முந்தி. அதால வந்தது இல்ல. இனிமே வந்தாலும் அதால இல்ல. இத நான் இருக்கும்போதே சொல்லுதேன், ஞாபகம் வச்சுக்கோங்க. பொறவு இவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இறங்கப் போனேன். "எதுக்கு எறங்குத? இன்னும் நேரம் இருக்குல்லா, போ" என்றார்.