சுண்டுவிரல் காலியாக இருக்கிறது

ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும் விஷயத்தை மைக் பிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அடையாள அட்டையில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர் என்று போட்டிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிக் கடலோரப் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். யாராவது தப்பாகத் தொட்டால், தப்பாகப் பேசினால், அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். புகார் என்று ஒன்று வந்துவிட்டால் பெரியவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் ஒரே வகுப்பில் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் டீ, வடை, சமாதானம் எல்லாம் தேவைப்படும்.

சுருட்டிய சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் நர்சம்மாக்களே, அங்கன்வாடி டீச்சர்களே, கணக்கெடுக்கப் போன வீட்டில் நாயிடம் மட்டும் வரவேற்புப் பெறும் வாத்தியார்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கீழே உள்ளதெல்லாம் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நடந்தவை. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள்; ஆட்களின் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பேனரில் ஒரு ரோஜாப்பூ

தலைமையாசிரியர் சண்முகவேல் சார் பரமக்குடிக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தங்கமான மனிதர். ஆனால் எதைக் கண்டாலும் ஸ்கூல் பெயர் கெட்டுப்போகும் என்று பயம். மேசையில் பல்லி விழுந்தால்கூட வெளியில் தெரிய வேண்டாம் என்பார்.

முதல் முறை நான் போனபோது வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார். ‘குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் தடுப்பு விழிப்புணர்வு’ என்று நான் எழுதி அனுப்பியிருந்தேன். பேனரில் ஒரு வார்த்தையைக் காணோம். எது என்று உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு ரோஜாப்பூ. ‘குழந்தைகள் மீதான’, அப்புறம் பூ, அப்புறம் ‘குற்றங்கள்’. பூக்காரர்கள் பார்த்தால் நம் மேல் கேஸ் போடுவார்கள் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்:

“ரோட்டுல போற வாரவுக படிப்பாக மேடம். இங்கனதான் அது நடக்குதுன்னு நெனச்சுப்பாக. பூன்னா யாரு என்ன சொல்லப்போறா?”

யாரிடம் சொல்வாய்?

என் வகுப்பில் சார்ட்டைவிட முக்கியமானது ஒரு வெள்ளைத்தாள்தான். இடது கையை அதில் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்வேன். ஒவ்வொரு விரலிலும் ஒரு பெயர். உனக்கு ஏதாவது கெட்டது நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வாயோ அவர் பெயர். கட்டைவிரலில் இருப்பவரிடம்தான் முதலில் ஓடுவாய்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை, பள்ளியின் வாலிபால் டீம் கேப்டன். கட்டைவிரலில் ஆரோக்கியமேரி அக்கா என்று எழுதியிருந்தாள். ஆரோக்கியமேரி அந்தப் பள்ளியின் சத்துணவு சமையல்காரர். ஏன் அவர் என்று கேட்டேன். “சாப்ட்டியான்னு எல்லாரும் கேப்பாக டீச்சர். அவுகதான் பதில் சொல்ற வரைக்கும் நிப்பாக” என்றாள். சுண்டுவிரலில் ஒன்றும் எழுதவில்லை. ஆள் கிடைத்ததும் எழுதிக்கொள்கிறேன் என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பயல் கட்டைவிரலில் ராணி என்று எழுதியிருந்தான். அம்மாவா, அக்காவா என்றால் இல்லை, வீட்டு ஆடு. வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ராணி நல்ல ஆடுதான். ஆனா உனக்கு ஒரு கஷ்டம்னா உதவி பண்ணுற ஆளா இருக்கணும்ல?” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“முட்டுமே டீச்சர்!”

கரையில் நின்ற படகு

பிள்ளைகளுக்குச் சொன்னால் போதுமா, ஊர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வலைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் நடக்கும். தலைவர் மிக்கேல் அண்ணன்தான் பள்ளியின் பெற்றோர் குழுவுக்கும் தலைவர். மைக் இல்லாமலே மைக் போட்ட குரல். எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். அதற்கு முன்னால் ஒரு வழக்கு ஓடியது. ஒருத்தர் படகு, ஊர்ப் பேச்சில் ‘போட்டு’, இன்னொருத்தர் வலை மேல் ஏறி வலை அறுந்துபோனது. நான் அறுக்கவில்லை, இருட்டு, காற்று என்று அவர் என்னென்னமோ சொன்னார். மிக்கேல் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். யார் சொல்வது உண்மை என்று பிறகு விசாரிப்போம். அதுவரைக்கும் புகாருக்கு ஆளான படகு கரையில் நிற்கும், புகார் கொடுத்தவர் படகு வழக்கம்போலக் கடலுக்குப் போகும். அதுதான் ஊர்ச் சட்டமாம். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அழகான சட்டம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் முறை வந்தது. எழுந்து நின்று வணக்கம் சொல்வதற்குள் பாதிக் கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மீதிப் பேருக்கு நடுவில் மிக்கேல் அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எங்க ஊருல அப்பிடியெல்லாம் நடக்காது மேடம். வந்ததுக்கு ரெண்டு நண்டு வாங்கிட்டுப் போறீகளா?”

சாம்பாரில் உப்பு

நடந்தது. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆரோக்கியமேரி போன் பண்ணினார். அந்த வாலிபால் பிள்ளை சமையல்கட்டுக்கு வந்து அவரிடம் சொல்லியிருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆளைப் பற்றி. அவன் என்ன செய்தான் என்று நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிள்ளைகளைச் சொல்ல வைக்கத்தான் நான் இத்தனை வருடமாக அலைகிறேன். ஒரு பிள்ளை நிஜமாகவே சொல்லிவிட்டால் உள்ளுக்குள் ஏதோ உடைந்துதான் போகிறது.

ஆரோக்கியமேரி அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ ஏன் அங்கே போனாய், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. நான்தான் வழக்கமான பழக்கத்தில், பிள்ளைகள் இப்படி வந்து சொன்னால் முதலில் நம்ப வேண்டும் அக்கா என்று பாடத்தை ஆரம்பித்தேன். கரண்டியோடு என் பக்கம் திரும்பினார்.

“சாம்பாருல உப்பு இல்லைன்னு இதுக சொன்னா நம்பி உப்புப் போடுறேன். இத நம்ப மாட்டேனா?”

டீசி

தெரிந்த பிறகு போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்பது சட்டம். பிள்ளையின் அம்மாவோடு போய் அன்று சாயங்காலமே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் சண்முகவேல் சார் அறையில் கூட்டம். சாருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. விஷயம் அடங்கும் வரைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும், பரமக்குடியில் நல்ல ஸ்கூல் இருக்கிறது, டீசியை இன்றைக்கே தருகிறேன் என்றார். “எம்மக என்ன தப்புப் பண்ணுனா, பையத் தூக்கிட்டு ஊரவிட்டுப் போறதுக்கு?” என்றார் அம்மா. மிக்கேல் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் வைத்துப் பேசி அபராதம் போட்டு முடித்துவிடலாமே என்றார். ஜன்னலுக்கு வெளியே அந்த ஆள் ஒன்றும் நடக்காதது போல மைதானத்தில் நெட் கட்டிக்கொண்டிருந்தான்.

இத்தனை வருட சர்வீசில் நான் தயார் செய்து வைத்திருந்த எல்லாப் பேச்சும் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலைக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. “அண்ணே, அன்னைக்கு வலைய அறுத்த போட்டு எங்க நின்னுச்சு?” என்று கேட்டேன். கரையில் என்றார். “புகார் சொன்னவர் போட்டு?” கடலுக்குப் போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். அபராதப் பேச்சு அங்கேயே செத்தது. இது ஊர் பேசி முடிக்கிற வழக்கு இல்லை, கோர்ட்டு வழக்கு என்று நான் சொன்னதற்கும் தலையாட்டினார். பிறகு அந்தக் குரலைத் தலைமையாசிரியர் பக்கம் திருப்பினார். மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“என்ன சார் ஞாயம் இது? புகார் சொன்ன போட்டையா கரையில இழுத்துப் போடுவாக? கரையில நிக்க வேண்டியவன் அந்தா நெட்டு கட்டிக்கிட்டு நிக்கிறான், அவன நிறுத்துங்க மொதல்ல!”

ரெண்டு முட்டை

மத்தியானம் ஜீப் வந்தது, அந்த ஆள் போனான். வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்தாலும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வகுப்பில் அவள் இடத்தில் இன்னொருத்தி நகர்ந்து உட்கார்ந்திருந்தாளாம். அதற்கு ஒரு சண்டை. சண்டை போடுகிறாள் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது?

சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டில் இரண்டு முட்டை விழுந்தன. பின்னால் நின்ற பயல்கள் கூச்சல் போட்டார்கள். கணக்கில் இடிக்குமே என்று சண்முகவேல் சார் ஓடிவந்தார். ஆரோக்கியமேரி கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார்:

“ஒண்ணு கவர்மெண்டு முட்டை சார். இன்னொண்ணு என் கோழி முட்டை. அதுக்கு யாருகிட்ட கணக்குக் காட்டணும்?”

முதல் எழுத்து மட்டும்

இந்த மாதிரி வழக்கில் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. ஊரையும் சொல்லக் கூடாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே உங்கள் வாயை அடைத்தேன். ஆனால் மண்டபம் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் விடுவாரா? டீ ஆற்றும்போதே, யாரு வீட்டுப் பிள்ளை மேடம் என்றார். நம்ம வீட்டுப் பிள்ளைதான் என்றேன். பெயர் வேண்டாம், முதல் எழுத்து மட்டும் என்றார். அதுவும் கிடையாது. கடைசியில் ஒரு திட்டத்தோடு வந்தார். அவர் வரிசையாகப் பெயர் சொல்லுவாராம், இல்லை என்றால் மட்டும் நான் தலையாட்ட வேண்டுமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “தப்புப் பண்ணுன ஆளு பேரு என்னன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டீகளா?” என்றேன். டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது.

“அட, ஆமால்ல. அது ஏன் எனக்குக் கேக்கத் தோணல? இருங்க, உங்களுக்கு வேற டீ போடுறேன்.”

சுண்டுவிரல்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மறுபடியும் போனேன். வாசல் பேனரில் பூ இல்லை. நான் எழுதி அனுப்பிய எல்லா வார்த்தைகளும் இருந்தன, போன முறை காணாமல் போனது மட்டும் மற்றதைவிடப் பெரிய எழுத்தில். சண்முகவேல் சார் பக்கத்தில் நின்று, ரோட்டில் போகிறவர்கள் படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்பில் புதுப் பிள்ளைகள் கையை வரைந்தார்கள். பாதிக்கு மேல் கட்டைவிரலில் ஆரோக்கியமேரி அக்கா. எல்லாரும் என்கிட்டயே வந்தால் சோறு யார் ஆக்குவது என்று அவர் சமையல்கட்டிலிருந்தே சத்தம் போட்டார். குரலில் பெருமை வழிந்தது.

சார் பெஞ்சு பெஞ்சாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பெயர் எந்த விரலிலும் இல்லை. பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை முன் பெஞ்சில் இருந்தாள். இப்போதும் அவள்தான் கேப்டன். பழைய தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள், கட்டைவிரலில் அதே பெயர். சார் அவள் முன்னால் வந்து நின்றார். “அன்னைக்கு நான் டீசின்னு பேசுனது தப்புத் தாயி” என்றார், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வெட்கத்தோடு குனிந்து, “எம் பேரு எங்கயாச்சும் இருக்கா?” என்று கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்தாள்.

“சுண்டுவிரல் இன்னும் காலியாத்தான் சார் இருக்கு. பாக்குறேன்.”

பதவி உயர்வுக்கு ராமநாதபுரத்துக்கும் சென்னைக்கும் அலைந்த தலைமையாசிரியர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், ஒரு சுண்டுவிரல் பதவிக்காகத் தினமும் முதல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளையிடமும் “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும் நிற்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.