மாமன் சீராகப் போன மோட்டார்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சில பேர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. படகு மோட்டாரின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

காரைக்குடியில் ஏது கடல் என்கிறீர்களா? அதையேதான் என் மனைவியும் கேட்டாள். ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டாள்.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை முனீஸ், தொண்டிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். சொந்தமாக வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறான். படிக்கிற காலத்தில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இரு வீட்டிலும் பேசிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. ஆனால் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "நமக்கு வயக்காடுதான் தெரியும். கடக்கரைப் பக்கம் ஒரு சொந்தமும் கெடையாது. அவுக எம்மகள எப்புடி வச்சுக்கிருவாகளோ தம்பி... சீருல ஒரு கொற வந்துறக் கூடாது" என்று தினமும் போன். அவள் வீட்டில் ஆண் துணை இல்லை. தாய்மாமன் நான்தான் எல்லாம்.

சரி என்று முனீஸிடமே கேட்டேன். "மாப்ள, மோதிரமா, செயினா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

"அதெல்லாம் வேணாம் மாமா. எங்க வள்ளத்து மோட்டார் நாலு மாசமாக் கெடக்கு. காமிச்ச எடமெல்லாம் புதுசு வாங்குன்னுதான் சொல்றாக. இப்ப சித்தப்பா மோட்டார எரவல் வாங்கித்தான் தொழிலுக்குப் போறேன். கல்யாணம் முடிஞ்சதும் அதத் திருப்பிக் குடுக்கணும். இத ஓட வச்சுத் தந்தீகன்னா... அதான் மாமா எனக்குச் சீரு."

எந்தத் தாய்மாமனுக்காவது இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறதா? வீட்டில் மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. ஒரு சாமான் பழுதாகக் கிடந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மறுநாளே மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

படகின் பின்பக்கம் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார். எட்டுக் குதிரைச் சக்தி. பார்த்தால் கிழட்டுக் கழுதை மாதிரி இருந்தது. உப்புக் காற்று பட்டுப் பட்டுப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது.

கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றிப் புதுசு போட்டேன். ஒன்றுமில்லை. பிளக்கை வயரோடு எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து, மனைவியை இழுக்கச் சொல்லி, நான் குனிந்து பார்த்தேன். நீலமாக ஒரு பொறி தெரிய வேண்டும். தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மனைவியின் முகம்தான்.

யூடியூபில் பார்த்தேன். மூன்று வீடியோ, மூன்று ஆள், மூன்று காரணம். ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தால் கை தானாகக் கயிறு இழுக்கிற மாதிரி போகிறது. எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. கல்யாணத்துக்குப் பதினோரு நாள்... பத்து நாள்... ஒன்பது...

எட்டு நாள் பாக்கி இருக்கையில் பம்ப்செட் மெக்கானிக் ராசுவைப் பிடித்து இழுத்து வந்தேன். கடல் மோட்டாரை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே சாதிதான் சார்" என்றார். மேலே இருக்கிற கனமான சக்கரத்தைப் புல்லர் போட்டுக் கழற்றினார். அடியில் கரண்டை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட் என்று ஒன்று. உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. எமரி பேப்பரால் தேய்த்தார். பக்கத்தில் செத்துக் கிடந்த கண்டன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டர் கண்டன்சர் ஒன்றை மாட்டினார். பிளக்கைச் சாய்த்து வைத்து இழுத்தோம்.

டிக்!

நீலப் பொறி. கத்தியேவிட்டேன்.

இந்த மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது, சூடேறிவிடும். தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் எது இல்லாவிட்டாலும் பித்தளை அண்டாவுக்குப் பஞ்சமா? மனைவியின் பிறந்த வீட்டுச் சீர் அண்டா, நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம். வாசலில் பலகை அடித்து மோட்டாரை மாட்டி, அதன் கால் அண்டாத் தண்ணீரில் முங்கும்படி வைத்து இழுத்தேன். தெருவே அதிர ஓடியது. மனைவி அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. அண்டாவில் எண்ணெய் மிதந்தது.

இத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

எங்கள் பக்கம் மாமன் சீர் என்பது சும்மா கொடுத்துவிட்டு வருகிற சங்கதி இல்லை. ஊர் பார்க்கத் தூக்கிப் போய், மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் பரப்பி வைக்க வேண்டும். வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், தொடுவார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள், ஒரு சொல் சொல்லாமல் போக மாட்டார்கள். வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இந்தச் செதில் உரிந்த மோட்டாரா? அக்காவின் முகம் கண்ணில் வந்து நின்றது.

பெயிண்ட் வாங்கி வந்தேன். நல்ல கருநீலம். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தேன். போல்ட்டைக்கூட விடவில்லை. மறுபடி மாட்டியபோது ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தண்ணீரும் புகையும் பட்டுப் பெயிண்ட் கெட்டுப்போனால்? ஓட்டவில்லை.

கல்யாணத்தன்று மேளத்தோடு இரண்டு பேர் தோளில் மோட்டார் மண்டபத்துக்குள் வந்தது. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். கூட்டம் மொய்த்தது. வரிசைச் சாமானில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

தாலி கட்டி முடிந்தது. மோட்டார் இரவல் கொடுத்த அந்தச் சித்தப்பா என் பக்கம் வந்தார். "பாக்க ஜோராத்தான் இருக்கு. ஓட விட்டுக் காமிங்க, பாப்போம்."

சமையல்கட்டிலிருந்து தண்ணீர் டிரம்மை உருட்டி வந்தார்கள். மோட்டாரை மாட்டினோம். வேட்டியை மடித்துக் கட்டி இழுத்தேன். ஒன்றுமில்லை. பத்துத் தடவை, இருபது தடவை. பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முனீஸ் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து இழுத்தான். அவனுக்கும் அசையவில்லை.

"பெயிண்டுதான் புதுசு போல" என்றார் சித்தப்பா. சிரிப்பு.

கூட்டத்தில் ஒரு பெண் குரல், மெதுவாகத்தான் சொன்னது: "சீரே இப்புடின்னா..."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அக்காவுக்குக் கேட்டுவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த டிரம்முக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நாளை மறுநாள் மாப்பிள்ளை கடலுக்குப் போக வேண்டும். எதை வைத்துப் போவான்?

"மாமா, பெயிண்ட் அடிக்கையில காயிலக் கழட்டுனீகளா?"

சுகன்யா. கழுத்தில் மாலை, புதுத் தாலி, தலை நிறையப் பூ.

"கழட்டித்தான் ஆத்தா அடிச்சேன். அதுக்கு அடியிலயும் ரெண்டு கோட்டு" என்றேன். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, என்ன செய்ய?

"அப்புறம் அதுக்கு எர்த்து எங்குட்டுருந்து மாமா கெடைக்கும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளக்குக்குக் கரண்டை ஏற்றி அனுப்புகிற காயிலின் இரும்பு, எஞ்சின் உடம்பின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கரண்ட் சுற்றி வரும், பொறி வரும். நான் நடுவில் கருநீலத்தில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன். போல்ட்டுக்கும் சேர்த்து. பார்க்கிறவர்களுக்காக அடித்த பெயிண்ட், ஓட வேண்டியதை நிறுத்திவிட்டது.

அதைவிட உறைத்தது இன்னொன்று. பதினோரு நாளில் யூடியூபைக் கேட்டேன், ராசுவைக் கேட்டேன், பெயிண்ட் கடைக்காரரைக்கூடக் கேட்டேன். எலெக்ட்ரிகல் படித்த பெண், அந்த மோட்டார் ஓடினால்தான் உலை வைக்கப் போகிறவள்... அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணாம். அலங்கரித்து உட்கார வைக்கத்தான் தோன்றியது எனக்கு.

"சொரண்டுறதுக்கு ஏதாச்சும் குடுங்களேன்" என்றாள்.

யாரும் நகரவில்லை. முனீஸின் அம்மா மட்டும் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குப் போனார். ஒரு கத்தியோடு திரும்பி வந்து மருமகள் கையில் கொடுத்தார். பிறகு அவளுடைய பட்டுச் சேலை முந்தானையை இழுத்து அவள் இடுப்பில் செருகிவிட்டார்.

சுகன்யா காயிலைக் கழற்றினாள். அடியில் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினாள். போல்ட்டுகளையும் சுரண்டினாள். மருதாணிக் கையெல்லாம் நீலத் துகள். திரும்ப மாட்டிவிட்டு முனீஸைப் பார்த்தாள். அவன் இழுத்தான்.

இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது!

டிரம்மில் தண்ணீர் புரண்டு வழிந்தது. புகை பந்தி வரைக்கும் போனது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று சொன்னால் நம்புவீர்கள்தானே?

சத்தம் அடங்கியதும் சித்தப்பா கொஞ்சம் தயங்கி, சுகன்யா பக்கத்தில் வந்தார். "ஏத்தா... எம் மோட்டாரும் கொஞ்ச நாளாக் காலையில மக்கர் பண்ணுதாம். அங்குட்டு வந்ததும் ஒரு பார்வை பாக்குறியா?"

முனீஸின் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"மொதல்ல எம்மருமக சாப்புடட்டும். மத்தவுகெல்லாம் வரிசையில நில்லுங்க."

அப்புறம்தான் அக்கா தூணை விட்டு வந்து, இலையில் உட்கார்ந்தாள்.