மூக்கில் கட்டிய எலுமிச்சம்பழம்

எடையே இல்லாத பால்சா மரத்தில் நானே செய்த ரிமோட் விமானம் அது. பழைய காலத்து மாதிரி, இரட்டை இறக்கை, மஞ்சள் நிறம். முதன்முதலாகப் பறக்கவிடக் கொள்ளிடம் மணலுக்குப் போனோம். சமயபுரத்தில் பூஜை செய்து வாங்கிவந்த எலுமிச்சம்பழத்தை என் மனைவி அதன் மூக்குக்கடியில் கட்டினாள்.

"புது வண்டிக்குக் கட்டணும்ங்க."

"லாரியா இது?" என்று அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

விமானம் ஜிவ்வென்று எழும்பியது. எழும்பிய வேகத்தில் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் அப்படியே நின்று, தொப்பென்று விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, மணல் தாங்கிக்கொண்டது. இறக்கைகளுக்கடியில் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன், வால் தாழ்ந்தது. முன்பக்கம் எடை போதவில்லை! பறக்கவிடும் அவசரத்தில் இதைச் சோதிக்கவே மறந்திருக்கிறேன்.

"அந்தப் பழத்தைக் கொடு!"

"லாரியான்னு கேட்டீங்க?" என்று சிரித்தபடி அவளே கட்டினாள்.

பறந்தது! தூரத்தில் ராஜகோபுரம் தெரிய, வெயிலில் மின்னிக்கொண்டு வட்டமடித்தது. "ஏங்க, பாருங்க, பாருங்க!" என்று அவள் குதித்தாள். நானும்தான்.

எடைக்கு ஓர் ஈயத்துண்டு ஒட்டினாலே போதும், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பழம்தான் வாங்குகிறேன். அதைக் கட்டாமல் அவள் ரிமோட்டைக் கையில் எடுப்பதில்லை.