தேருக்குப் போட்ட குளிசை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டன் குட்மேய்ஸில் மச்சாள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தோம். மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. கலியாணமாகி நான்கு வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு என்னைவிட அதிகம் கவலைப்பட்டவர் மச்சாள்தான். அந்தக் கோடையில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு நேர்த்தி வைத்தவரும் அவர்தான். கற்பூரச்சட்டி எடுக்க மட்டும் நான்.

தேரும் என் மாத நாளும் ஒன்றாக வந்து நின்றன. துடக்கும் தீட்டுமாகக் கோயில் வாசல் மிதிக்க முடியாது. லண்டனில் எங்கள் பெண்களிடம் அதற்கொரு வழி இருந்தது, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் குளிசை. திருவிழா, கலியாணம் என்றால் அது கைமாறிக்கொண்டே இருக்கும். டாக்டர் எழுதியது யாருக்கு, விழுங்குவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மச்சாள் எங்கேயோ வாங்கி வந்து என் கைக்குள் வைத்தார். விழுங்கினேன், சட்டி எடுத்தேன். கை சுட்டது, ஆனால் மனம் நிறைந்திருந்தது.

குளிசையை நிறுத்தினால் சில நாளில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. வலி மட்டும் வந்தது. அடிவயிற்றில் வலப்பக்கமாகப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும்.

"குளிசை போட்டா அப்பிடித்தான் பிள்ளை. வாறதுக்குத்தான் குத்துது," என்று மச்சாள் காதுக்குள் சொல்லி, வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, தட்டிப் போட்ட கோப்பி ஊற்றித் தந்தார்.

"அது வாய்வு. அன்னதானத்திலை பருப்பை அள்ளிச் சாப்பிட்டனீர்," என்றார் கணவர்.

நான் காசாளராக இருந்த சூப்பர்மார்க்கெட்டில் கூட வேலை செய்தவள், சிறுநீரில் சலக்கிருமி இருக்கும், தண்ணீர் குடி என்றாள். எல்லாரிடமும் காரணம் இருந்தது. வலி மட்டும் என்னிடம் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள் வேலையில் தலை சுற்றவே, நேரே டாக்டரிடம் போனேன். இளம் பெண் டாக்டர். கர்ப்பமாக இருக்கலாமா என்று கேட்டார். இல்லை, குளிசை போட்டதால்தான் வரவில்லை என்று அவருக்கே நான் வைத்தியம் படிப்பித்தேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். சிறுநீர் எடுத்து வரச் சொல்லி ஒரு சின்னப் போத்தலைத் தந்தார். வேறு எங்காவது நோகிறதா என்றும் கேட்டார்.

தோள் நோகிறது, சாமான் தூக்கியதாலாக்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. போத்தலைச் சோதித்துவிட்டு, அவரே போன் எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்த டாக்டர், நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றார். அதே மூச்சில், கரு கருப்பைக்குள் இல்லை, கருக்குழாயில் தங்கிவிட்டது, குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிகிறது, தோள் நோவதும் அதனால்தான், உடனே ஒபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். முதல் வாக்கியத்துக்காக நான் நான்கு வருடம் காத்திருந்தவள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எனக்கு நேரம் தரப்படவில்லை.

கண் விழித்தபோது மச்சாள் கட்டிலருகே இருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நான் தந்த குளிசையாலயோ பிள்ளை?"

கணவர் ஏற்கெனவே டாக்டரிடம் கேட்டிருந்தார். "இல்லை அக்கா. கரு அதுக்கு முதலே தங்கிட்டுதாம். குளிசை போட்டதாலை எங்களுக்குச் சந்தேகம் வரேல்லை, அவ்வளவுதான்," என்றார். மச்சாள் ஓம் என்று தலையாட்டினார். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வயிற்று ஒபரேஷன் என்றுதான் வெளியில் சொன்னார்கள்.

தை மாதம் ஹரோவில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் ஒரு அன்ரி என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்றார். நான் வழக்கமான சிரிப்புக்குத் தயாரானேன்.

"இருந்தது," என்றார் மச்சாள், மேசை முழுக்கக் கேட்கும்படி. "எங்களுக்குத் தெரிய முதலே போயிட்டுது. இவள் உயிர் தப்பினதே காணும். நீங்கள் சாப்பிடுங்கோ."

அதுவரை யாரும் அது இருந்தது என்று சொல்லவில்லை. நான் எழுந்துபோய், கை கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, முதல்முறையாக என் பிள்ளைக்காக அழுதேன்.