வரப்பில் நிற்கும் குதிரை

மன்னார்குடி பஸ் வாய்க்கால் பாலத்தருகே பழுதாகி நிற்கிறது. இறங்கிப் பார்க்கிறேன். தூறலில், உழவு எருமைகள் கனவில் நடப்பதுபோல் சேற்றைக் கடக்கின்றன. வரப்பில் ஒரு வெள்ளைக் குதிரை தனியாக நிற்கிறது.

"யாரோட குதிரைம்மா?" நாற்று நடும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"ஆண்டையோடதுங்க. ஊருக்குக் கூலிக்காரங்க சங்கம் வந்ததும் அவரு இத விட்டுட்டுப் பட்டணம் போயிட்டாரு."

"வயல்ல இறங்காதா?"

"மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கும், சேத்துல விரிச்சு ஊனிக்கும். இதுக்கு ஒத்தக் குளம்பு, புதைஞ்சிடும். அப்பல்லாம் அவரு சாட்டையோட இதுல வந்தா நாங்க நடுவயலுக்கு ஓடிருவோம்."

பஸ் உறுமுகிறது. முழங்கால் சேற்றில் நின்றபடியே அவள் ஒரு பிடி புல்லை நீட்டுகிறாள். குதிரை கழுத்தை வளைத்துத் தின்கிறது. அப்போதும் அவள் வரப்பில் கால் வைக்கவில்லை.